வாரத்தின் முதல் நாள் எது? நம் அறிஞர்களின் ஆய்வும் இன்றைய நாட்காட்டிச் செயலிகளும்

 

நம் இல்லங்களில் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் காட்டிலும் கைப்பேசிக்குள் இருக்கும் நாட்காட்டியையே இன்று நாம் அதிகம் பார்க்கிறோம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர், ஒரே மாதத்தைத் தத்தம் கைப்பேசியில் திறந்து அருகருகே வைத்துப் பார்க்கட்டும். ஒன்றில் முதற்கட்டம் ஞாயிறாக இருக்கும். மற்றொன்றில் திங்களாக இருக்கும். வளைகுடா நாடு ஒன்றின் அமைப்பில் இயங்கும் மூன்றாவது கைப்பேசியில் அது சனிக்கிழமையாக இருக்கக்கூடும். தேதிகள் மூன்றிலும் ஒன்றே. வரிசை மட்டும் வேறு.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் திங்களும் வியாழனும் ஸுன்னத்தான நோன்பு நோற்கும் ஒருவர், பழகிய கட்டத்தை நோக்கியே கண்ணைச் செலுத்துகிறார். வரிசை மாறிய நாட்காட்டியில் அதே இடத்தில் வேறொரு நாள் நிற்கிறது. "இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிகாஹ் பேச வருகிறோம்" என்று புதன்கிழமையன்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். ஞாயிறே வாரத்தின் தொடக்கம் என்று எண்ணுபவருக்கு அந்த ஞாயிறு கடந்துபோயிற்று. ஆகவே அடுத்ததா, அதற்கும் அடுத்ததா என்று தயங்குகிறார். திங்களில் தொடங்குபவருக்கோ அது இன்னும் நான்கு நாட்களில் வரவிருக்கிறது.

அப்படியானால் வாரத்தின் முதல் நாளை நிர்ணயித்தவர் யார்? மார்க்கத்தில் இதற்கெனத் திட்டவட்டமான ஏற்பாடு உண்டா? நாம் விரும்பும் நாளை முதல் நாளாக வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் இடம் தரவேண்டும் என்று கேட்பது நியாயமா? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஏழு என்ற எண்ணில் பிணக்கில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாரத்திற்கு ஏழு நாட்கள் என்பதிலோ, இன்று வெள்ளிக்கிழமை என்றால் உலகின் எல்லாச் சமூகத்தாருக்கும் அது வெள்ளியே என்பதிலோ நம் விவாதம் இல்லை. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் என எல்லோரும் இந்த ஒரே சுழற்சியைத்தான் பின்பற்றி வருகின்றனர்.

இதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் பத்து நாள் வாரத்தைப் புகுத்தினர். மக்கள் அதை மனமார ஏற்கவில்லை. 1806 தொடங்கியபோது அந்த நாட்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் சுழற்சியையும், 1931இல் ஆறு நாள் சுழற்சியையும் நடைமுறைப்படுத்தியது. 1940இல் அதுவும் ஏழு நாள் வாரத்திற்கே திரும்பியது. நமக்கு அருகிலுள்ள இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நிலைகளையொட்டி வரும் போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் விடுமுறையாக இருந்தன. இரண்டு போயா நாட்களுக்கு இடைப்பட்ட காலம் எப்போதும் ஏழு நாளாக அமைவதில்லை. ஆகவே அலுவலகமும் வணிகமும் தடுமாறின. இறுதியில் பழைய முறையே திரும்பியது. அக்காலத்தில் வாழ்ந்த இலங்கைப் பெரியவர்களுக்கு இது நன்கு நினைவிருக்கும். அந்த ஆண்டுகளிலும் ஜும்ஆ வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆக, சுழற்சி உறுதியானது. அந்த வட்டத்தின் எந்தப் புள்ளியில் எண்ணிக்கையைத் தொடங்குவது என்பதே கேள்வி.

பெயர்கள் சொல்லும் கணக்கு

அரபு மொழியில் கிழமைகளின் பெயர்களைக் கவனியுங்கள். ஞாயிறு 'அல்அஹத்', அதாவது ஒன்று. திங்கள் 'அல்இஸ்னைன்', இரண்டு. செவ்வாய், புதன், வியாழன் ஆகியவை முறையே மூன்று, நான்கு, ஐந்து என்ற எண்களிலிருந்து பிறந்த பெயர்கள். ஆறாவது நாளுக்கு எண் இல்லை. அது ஒன்றுகூடும் நாளாகிய 'அல்ஜும்ஆ'. ஏழாவது 'அஸ்ஸப்த்'. இந்தப் பெயர்கள் ஞாயிறையே தொடக்கமாகக் கொண்டுள்ளன. இவற்றுக்கும் முன்னர் அரபியர் வழங்கிய பழம்பெயர்களிலும் ஞாயிறு 'அவ்வல்' எனப்பட்டது. அதன் பொருள் முதலாவது என்பதே. அந்தப் பழைய வரிசையில் வெள்ளியின் பெயர் 'அரூபா'.

பாரசீகர்கள் சனிக்கிழமையை 'ஷம்பா' என்றும், ஞாயிறை 'யக்ஷம்பா' என்றும், திங்களை 'தோஷம்பா' என்றும் அழைத்தனர். சனியை அடித்தளமாக வைத்து அதிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணும் முறை இது. உருது பேசும் நம் சகோதரர்கள் சனிக்கிழமையை 'ஹஃப்தா' என்று கூறுவார்கள். வாரத்திற்கும் அதே சொல்தான்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் வாழும் சுவாஹிலி முஸ்லிம்களின் மொழி இன்னும் சுவையானது. அவர்கள் சனிக்கிழமையை 'ஜுமாமோஸி' என்பர். வாரத்தின் ஒன்றாம் நாள் என்பது அதன் கருத்து. ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு, புதன் ஐந்து என்று அந்தக் கணக்கு போகிறது. அடுத்து வரும் வியாழனை அவர்கள் 'அல்ஹமிஸி' என்கிறார்கள். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் ஐந்தாவது என்றே பொருள்! சனியில் தொடங்கும் கணக்கும் ஞாயிறில் தொடங்கும் கணக்கும் ஒரே மொழிக்குள் சந்தித்ததால், ஒரே வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாட்கள் அமைந்துவிட்டன. அதனால் அம்மக்களின் தொழுகையோ வணிகமோ தடைபடவில்லை.

ரஷ்ய மொழியில் செவ்வாய்க்கிழமையின் பெயர் இரண்டு என்ற எண்ணிலிருந்து வந்தது. அங்கே எண்ணிக்கை திங்களில் தொடங்குகிறது. போர்த்துகீசிய மொழியில் திங்களே இரண்டாவது. நம் தமிழில் எண்கள் இல்லை. கோள்களின் பெயர்களே உள்ளன. ஆயினும் ஞாயிறு முதல் சனி வரை என்று சொல்லும் மரபு நமக்கு உண்டு.

சனியா, ஞாயிறா? முற்கால அறிஞர்களின் ஆய்வு

இஸ்லாமிய அறிஞர்கள் இந்தக் கேள்வியை வெறும் பெயர் ஆராய்ச்சியாக விட்டுவிடவில்லை. வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டன என்று அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் அறிவிக்கிறான். அந்தப் படைப்பு எந்த நாளில் தொடங்கியது என்ற ஆய்வின் வழியாகவே வாரத்தின் முதல் நாள் எது என்ற கேள்வியும் எழுந்தது.

ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தமது பெரும் வரலாற்று நூலின் தொடக்கத்தில் இதை விரிவாக எடுத்துரைக்கிறார்கள். தவ்ராத்தைப் பின்பற்றுவோர் படைப்பு ஞாயிறில் தொடங்கியது என்கின்றனர், இன்ஜீலைப் பின்பற்றுவோர் திங்கள் என்கின்றனர், முஸ்லிம்களாகிய நாமோ சனி என்கிறோம் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) கூறியதை அவர்கள் பதிவு செய்கிறார்கள். பின்னர் ஞாயிறு என்ற கருத்தின் ஆதாரங்களையும் முன்வைத்து, ஞாயிறே சரியானது என்று தாம் முடிவு செய்கிறார்கள்.

சனி என்ற கருத்துக்கு அடிப்படையாக இருப்பது, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள அறிவிப்பு. மண் சனிக்கிழமை படைக்கப்பட்டது என்று தொடங்கி, ஆதம் (அலை) அவர்கள் வெள்ளிக்கிழமை அஸ்ருக்குப் பின் படைக்கப்பட்டார்கள் என்று அது முடிகிறது. இந்த அறிவிப்பை ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூர்ந்து ஆராய்ந்தனர். இது நபி (ஸல்) அவர்களின் கூற்று அன்று, கஅபுல் அஹ்பாரின் சொல்லாக இருக்கவேண்டும் என்று சிலர் கருதியதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது வரலாற்று நூலில் குறிப்பிட்டு, அதுவே சரி என்றும் சுட்டுகிறார்கள். படைப்பு ஏழு நாட்களையும் நிரப்பிவிடுவதால் ஆறு நாட்கள் என்ற இறைவசனத்தோடு இது எவ்வாறு பொருந்தும் என்பது அவ்வறிஞர்கள் எழுப்பிய முக்கியமான கேள்வி. இந்த அறிவிப்பை ஏற்று, இரண்டையும் இணக்கப்படுத்தி விளக்கம் தந்த அறிஞர்களும் உண்டு.

இங்கே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. இரு சாராரும் தத்தம் சான்றுகளை எடுத்து வைத்தனர். மறு சாராரின் கருத்தைத் தம் நூலில் முழுமையாக எழுதிய பிறகே மறுத்தனர். சனி என்றவரை ஞாயிறு என்றவர் மார்க்கத்தை மீறியவராகக் கருதவில்லை.

வெள்ளியே முதல் நாள் என்ற பார்வை

மூன்றாவது கருத்து ஒன்றும் உண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஒரு நபிமொழியின் கருத்து இது: காலத்தால் நாம் இறுதியாக வந்த சமுதாயம், மறுமையிலோ முந்துபவர்கள். முன்சென்ற வேதக்காரர்கள் தம் வழிபாட்டு நாளைக் குறித்துக் கருத்து வேறுபாடு கொண்டனர். அல்லாஹ் நமக்கு வெள்ளியின்பால் வழிகாட்டினான். இதில் மற்றவர்கள் நம்மைத் தொடர்ந்து வருகிறார்கள். யூதர்கள் அடுத்த நாள், கிறிஸ்தவர்கள் அதற்கு அடுத்த நாள்.

ஹிஜ்ரி 852இல் மறைந்த ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் இந்த நபிமொழியை விளக்கும்போது, மார்க்கக் கண்ணோட்டத்தில் வெள்ளியே வாரத்தின் முதல் நாள் என்று இதிலிருந்து பெறலாம் என்கிறார்கள். அதற்குத் துணையாக ஒரு மொழிச் சான்றையும் தருகிறார்கள். முஸ்லிம்கள் முழு வாரத்தையுமே 'ஜும்ஆ' என்று அழைக்கலாயினர். அதற்கு முன்னரோ மதீனாவாசிகள் வாரத்தை 'ஸப்த்' என்றனர். மழை வேண்டிப் பிரார்த்தித்த நிகழ்வை அறிவிக்கும் அனஸ் (ரலி) அவர்கள், ஒரு வார காலம் சூரியனைக் காணவில்லை என்பதை 'ஸப்த்' என்ற சொல்லாலேயே கூறுகிறார்கள். மதீனாவாசிகள் யூதர்களின் அண்டை வீட்டாராக வாழ்ந்ததால் அந்த வழக்கு அவர்களிடம் வந்தது என்று இமாமவர்கள் விளக்குகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். யாரோடு வாழ்கிறோமோ அவர்களின் வாரக் கணக்கு நம் நாவிலும் ஏறிவிடுகிறது. நபித்தோழர்களிடமே அது நிகழ்ந்தது. அதனால் அவர்களின் ஜும்ஆவுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. பின்னர் ஜும்ஆவின் மகத்துவம் உள்ளங்களில் வேரூன்றியபோது, வாரத்தின் பெயரே அதுவாகிவிட்டது.

ஃபிக்ஹில் இதன் விளைவு

இது வெறும் வரலாற்றுத் தகவலா, நடைமுறையில் இதனால் சட்டம் ஏதும் மாறுமா என்று சிலர் வினவலாம். நம்மில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் அரபிக் கல்லூரிகளில் ஓதும் மின்ஹாஜ் நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் ஒரு நாளைக் குறித்து நோன்பு நோற்பதாக நேர்ச்சை செய்கிறார். பிறகு எந்த நாள் என்பதை மறந்துவிடுகிறார். அவர் என்ன செய்யவேண்டும்?

வாரத்தின் கடைசி நாளாகிய வெள்ளியன்று அவர் நோன்பு நோற்க வேண்டும் என்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். அவர் நேர்ந்த நாள் வெள்ளியாகவே இருந்தால் நேர்ச்சை உரிய நாளில் நிறைவேறிவிடும். அதற்கு முந்திய நாளாக இருந்தால், வெள்ளியன்று நோற்றது களாவாக அமைந்துவிடும். எவ்வகையிலும் கடமை தீர்ந்துவிடும். சட்டத்தின் நுட்பம் 'கடைசி நாள்' என்பதில் இருக்கிறது. வாரம் சனியில் தொடங்கினால்தான் வெள்ளி கடைசியாகும். ஞாயிறில் தொடங்குவதாகக் கொண்டால் கடைசி நாள் சனி. அப்போது வெள்ளியன்று நோன்பு நோற்றவர், நேர்ந்த நாள் வருவதற்கு முன்பே நோற்றுவிட்டவராக ஆகக்கூடும். ஆகவேதான் பிற்கால விரிவுரையாளர்கள் இந்த இடத்தில் நின்று, வாரத்தின் முதல் நாள் சனியா ஞாயிறா என்று விவாதித்தனர்.

கொடுக்கல் வாங்கலில் இது இன்னும் முக்கியமானது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் அதை எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. முன்பணம் கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் ஸலம் வணிகத்தில், அளவும் எடையும் தெரிந்திருப்பதைப் போலவே தவணையும் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். 'அடுத்த வாரத் தொடக்கத்தில் தருகிறேன்' என்று சொல்லும் வாங்குபவரின் கைப்பேசி ஞாயிறையும், விற்பவரின் கைப்பேசி திங்களையும் காட்டுமானால், தவணை தெளிவற்றதாகிவிடுகிறது. பெரும் சச்சரவுகள் பல இத்தகைய சிறு தெளிவின்மையிலிருந்தே பிறக்கின்றன.

திங்களில் தொடங்கும் வாரம் எப்படி வந்தது?

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், நகரவாசிகளும் நீதிபதிகளும் தொழிற்கூடங்களும் ஞாயிறன்று ஓய்வு கொள்ளவேண்டும் என்று ஆணையிட்டார். பயிர்த்தொழிலுக்கு மட்டும் விலக்கு இருந்தது. திருச்சபையின் கணக்கில் ஞாயிறு முதல் நாளாகவே நீடித்தது. ஆயினும் ஓய்வு ஞாயிறிலும் வேலை திங்களிலும் என்ற பழக்கம் ஆழப் பதிந்த பிறகு, உழைக்கும் மக்களின் மனத்தில் திங்கள் தொடக்கமாகவும் ஞாயிறு இறுதியாகவும் அமைந்தது. தொழிற்சாலைகளில் சனியும் விடுமுறையான பின்பு, சனியையும் ஞாயிறையும் சேர்த்து வார இறுதி என்றே அழைக்கலாயினர்.

வணிகமும் உற்பத்தியும் வாரங்களை எண்ணிட்டுத் திட்டமிடத் தொடங்கியபோது பொது ஒழுங்கு ஒன்று தேவைப்பட்டது. பன்னாட்டுத் தர நிர்ணய நிறுவனம் 1971இல் வாரங்களுக்கு எண்ணிடும் பரிந்துரையை வெளியிட்டது. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற தரம், திங்களை ஒன்றாம் நாளாகவும் ஞாயிறை ஏழாம் நாளாகவும் வகுத்தது. ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே அவ்வாண்டின் முதல் வாரம் என்பதும் அதன் விதி. இது சரக்கு அனுப்புவோரும் கணக்கு எழுதுவோரும் குழப்பமின்றிப் பேசுவதற்காக ஏற்பட்ட உடன்பாடு. ஒரு குடும்பம் தன் வீட்டில் வாரத்தை எங்கே தொடங்கவேண்டும் என்று ஆணையிடுவது அதன் நோக்கமன்று.

விடுமுறை நாள் வேறு, முதல் நாள் வேறு

முஸ்லிம் நாடுகளின் வரலாற்றைப் பார்த்தால் விடுமுறை நாட்களும் நிலையாக இருந்ததில்லை. துருக்கியில் 1924இல் இயற்றப்பட்ட சட்டம் வெள்ளியை வார விடுமுறை ஆக்கியது. 1935இல் அது ஞாயிறாக மாறியது. பாகிஸ்தானில் 1977இல் சுல்ஃபிகார் அலி பூட்டோ அரசு வெள்ளியை விடுமுறையாக அறிவித்தது. 1997இல் நவாஸ் ஷரீப் அரசு ஞாயிறுக்குத் திரும்பியது. சவூதி அரேபியாவில் வியாழனும் வெள்ளியுமாக இருந்த விடுமுறை, 2013 ஜூன் இறுதியில் வெள்ளியும் சனியுமாக ஆனது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வியாழன் வெள்ளியாக இருந்தது, 2006இல் வெள்ளி சனியாகியது. 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு சனியும் ஞாயிறும் முழு விடுமுறை, வெள்ளி அரைநாள் வேலை என்று ஆயிற்று. அதே அமீரகத்தின் ஷார்ஜா, வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களையும் விடுமுறையாக்கிக்கொண்டது.

இந்த மாற்றங்களை நம் குடும்பங்கள் நேரடியாக உணர்ந்தன. ஊரிலுள்ள மனைவி மக்களோடு நிதானமாகப் பேசுவதற்கு வளைகுடாவில் பணிபுரியும் தந்தைக்கு ஒரு காலத்தில் வியாழன் மாலை வாய்ப்பாக இருந்தது. பிறகு வெள்ளி, பிறகு சனி என அது நகர்ந்தது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோ ஊரில் ஞாயிறு. மதரஸா விடுமுறையோ வெள்ளி.

இங்கே மார்க்கத்தின் நிலையை மறந்துவிடலாகாது. வெள்ளியை அல்லாஹ் ஓய்வு நாளாக விதிக்கவில்லை. ஜும்ஆவுக்கு அழைப்பு விடுக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு இறைநினைவின்பால் விரையுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனுடைய அருளைத் தேடுமாறும் ஸூரத்துல் ஜும்ஆ கூறுகிறது. ஆகவே விடுமுறை எந்த நாளில் அமைந்தாலும் ஜும்ஆவின் கடமை மாறுவதில்லை. விடுமுறை எது என்பது அரசின் முடிவு. எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பது வழக்கின் முடிவு. ஜும்ஆ எப்போது என்பது மட்டுமே அல்லாஹ்வின் முடிவு.

மென்பொருள்கள் கற்றுக்கொண்ட பாடம்

கணினிகள் அமெரிக்காவில் வளர்ந்தன. அங்கே அச்சிட்ட நாட்காட்டிகள் ஞாயிறில் தொடங்குபவை. ஆகவே கணினி நிரல்களிலும் ஞாயிறுக்கே சுழி என்ற எண் கிடைத்தது. சி என்ற நிரல் மொழிக்கு 1989இல் வகுத்த தரத்தில், வார எண்ணை ஞாயிறில் தொடங்கிக் கணக்கிட ஒரு குறியீடும், திங்களில் தொடங்கிக் கணக்கிட மற்றொரு குறியீடும் இருந்தன. சனியில் தொடங்குவதற்கு எதுவும் இல்லை. கெய்ரோவிலும் தெஹ்ரானிலும் கோடிக்கணக்கான மக்கள் சனியில் தொடங்கும் வாரத்தோடு வாழ்கிறார்கள் என்பது அந்தத் தரத்தை வகுத்தவர்களின் கவனத்திற்கு வரவில்லை போலும்.

பின்னர் ஒவ்வொரு நாட்டின் வழக்கையும் தொகுக்கும் பணி தொடங்கியது. யூனிகோடு கூட்டமைப்பு பராமரிக்கும் தரவுத் தொகுப்பில் நாடுதோறும் வாரத்தின் முதல் நாள் பதிவாகியுள்ளது. பெரும்பாலான கைப்பேசிகளும் கணினிகளும் அதையே பின்பற்றுகின்றன. அதன்படி எகிப்து, ஈராக், குவைத், ஈரான் ஆகியவற்றுக்குச் சனி. இந்தியா, பாகிஸ்தான், சவூதி அரேபியா ஆகியவற்றுக்கு ஞாயிறு. இலங்கை, மலேசியா ஆகியவற்றுக்குத் திங்கள். மாலத்தீவுக்கு மட்டும் வெள்ளி! இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்த அந்த மூன்றாவது கருத்து, இந்துமாக்கடலின் சிறிய தீவுக் கூட்டம் ஒன்றின் நாட்காட்டியில் ஒத்த வடிவில் காணப்படுவது வியப்புக்குரியது.

ஆனால் நாட்டை வைத்து மனிதரின் வழக்கைத் தீர்மானிப்பதில் ஒரு குறை உண்டு. காயல்பட்டினத்துக்காரர் குவைத்தில் இருக்கிறார். அக்கரைப்பற்றுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அவருடைய அலுவலகம் ஒரு கணக்கில், அவருடைய வீடு மற்றொரு கணக்கில். நாடே விடுமுறையை மாற்றினால், செயலியைப் புதுப்பிக்கும்வரை அது பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நாட்டின் வழக்கைத் தொடக்க நிலையாக வைத்துவிட்டு, மாற்றும் உரிமையைப் பயன்படுத்துபவரிடம் விடுவதே முறை.

பல மென்பொருள்கள் இதை உணர்ந்துள்ளன. எக்செல் 2010 பதிப்பிலிருந்து வார எண்ணை ஏழு நாட்களில் எதிலிருந்தும் தொடங்கிக் கணக்கிடலாம். அவுட்லுக்கிலும் ஆப்பிள் கைப்பேசிகளிலும் ஏழு நாட்களில் எதையும் முதல் நாளாகத் தேர்ந்தெடுக்கலாம். கூகுள் நாட்காட்டி சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்றை மட்டும் தருகிறது. இத்தகைய தேர்வு தேவையற்ற சுமை என்று வாதிடும் நிரலாளர்களும் உள்ளனர். அமைப்புகள் பெருகினால் பிழைகள் பெருகும், சோதித்துப் பார்க்கும் வேலை கூடும் என்பது அவர்கள் தரப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளாக மாமேதைகளே ஒரு முடிவில் நிற்காத விஷயத்தில், ஒரு நிறுவனத்தின் அறையில் எடுத்த முடிவை உலகம் முழுவதற்கும் பூட்டி வைப்பது பொருத்தமன்று. வழக்காறு மாறுபடும் இடத்தில் வழக்காறுக்கு இடங்கொடுப்பது நம் ஃபிக்ஹு கற்றுத்தரும் நெறியும் ஆகும்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவதாக, நம் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, வாரத்தின் முதல் நாள் எதுவென்று பார்ப்போம். குடும்பத்தார் அனைவரும் கலந்து பேசி ஒரே நாளை வைத்துக்கொண்டால், நோன்பு, மதரஸா, பள்ளி, பயணம் ஆகியவற்றைக் குறிப்பதில் குழப்பம் வராது. பிள்ளைகளின் மதரஸா வெள்ளி விடுமுறைக்குப் பின் சனியன்று தொடங்குமானால் சனியை முதலாக வைப்பது வசதி. அலுவலகத்தோடு ஒத்துப்போக வேண்டுமானால் திங்களை வைப்பதில் தவறில்லை. எதை வைத்தாலும் அதை மார்க்கக் கடமையாகக் கருதவேண்டாம். வேறு நாளை வைத்தவரைக் குறைகூறவும் வேண்டாம்.

இரண்டாவதாக, கடன், வாடகை, நிகாஹ் போன்ற முக்கிய விஷயங்களில் 'இந்த வாரம்', 'அடுத்த வாரம்' என்று நிறுத்தாமல், கிழமையோடு தேதியையும் எழுதுவோம். வேதம் கற்பித்த தவணைத் தெளிவு அதில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, எந்தச் செயலியும் காட்டாத ஒன்றை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். நாட்காட்டிச் செயலிகளில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. நம் மார்க்கக் கணக்கில் அது மஃரிபில் தொடங்குகிறது. வியாழன் மாலை சூரியன் மறைந்ததும் வருவதை நம் வீட்டுப் பெரியவர்கள் 'வெள்ளி இரவு' என்றே அழைத்தார்கள், ஸலவாத்தை அதிகப்படுத்தினார்கள். இன்றைய பிள்ளைகள் பலருக்கு வெள்ளி இரவு என்றால் ஜும்ஆ முடிந்து வரும் இரவாகிவிட்டது. இந்தச் சொல் நம் வீடுகளிலிருந்து மறைந்துவிடக் கூடாது.

நாட்காட்டியின் வரிசையில் வெள்ளி முதற்கட்டத்தில் நிற்கலாம், ஆறாவதில் நிற்கலாம், ஐந்தாவதிலும் நிற்கலாம். அலட்சியத்தால் தொடர்ந்து மூன்று ஜும்ஆக்களைத் தவறவிட்டவரின் உள்ளத்தில் முத்திரை இடப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கைப்பேசியில் எந்த நாளை முதலில் வைத்தாலும், அந்த ஒரு நாளைத் தவறவிடாத வாரமாக அது அமையட்டும். வல்ல அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்து, நம் குடும்பத்தார் அனைவரையும் ஜும்ஆவைப் பேணும் நன்மக்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.